அத்தை பறித்த குப்பைமேனி

“உங்க குப்பைமேனி இலையில கிருமி அப்படியே இருக்குது அத்தை.”

விழுப்புரம் லேபில் மூலிகை ஆராய்ச்சி செய்யும் சங்கவி, சோதனை தோற்ற எரிச்சலில் சொன்னாள். மாமியார் பச்சையம்மாளின் முகம் சுண்டிப்போனது. வளவனூரே சொறிக்கு அவரிடம்தான் இலை வாங்கும்.

அவர் மறுபடி பறித்துக் கொடுத்ததை, மனம் உறுத்த, மீண்டும் சோதித்தாள். ஒரு கிருமிகூட மிஞ்சவில்லை. பேராசிரியரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தாள்.

“மன்னிச்சிடுங்க அத்தை. உங்க இலை எல்லாக் கிருமியையும் கொன்னுடுச்சு. நான்தான் அவசரப்பட்டு உங்க மனச நோகடிச்சிட்டேன்.”

“நீ ஏன் கண்ணு அழுதுக்கினு நிக்கிற? தப்பு என்னுதுதான், மொதல்ல மண்ணோட குடுத்துட்டேன். படிச்சவங்க பாக்குற இலையாச்சேன்னு இந்த தடவ டெட்டால் ஊத்தி அலசிக் குடுத்தேன்.”