போன வருஷத்துக் காலண்டர்

“இந்தத் தடவையும் ஃபெயில்!” என்று ஃபைலைப் பட்டென்று மூடினார் மின் ஆய்வாளர்.

வீட்டுக்காரருக்கு முகம் வாடிப்போனது. “சார், நீங்க சொன்ன மாதிரியே ஸ்டிக்கர் ஒட்டிட்டேனே!”

“ஒட்டினீங்க. எங்கே ஒட்டினீங்க?”

வாசல் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் பெரிய காலண்டர் ஒன்று தொங்கியது. ஆய்வாளர் அதை ஒற்றை விரலால் தூக்கினார். அடியில் சிவப்பாக ஒரு மண்டையோடு. ‘எச்சரிக்கை! மாடியில் சோலார் உள்ளது. மெயினை அணைத்தாலும் மின்சாரம் இருக்கலாம்.’

“காலண்டர் மாட்ட வேற சுவரே கிடைக்கலையா? அதுவும் போன வருஷத்துக் காலண்டர்!”

இந்த மாதிரி ஆட்கள் அவருக்கு அத்துப்படி. புதுப் பெயின்ட் அடித்த சுவர். வருகிறவர்கள் பார்த்தால் அழகு கெட்டுவிடுமாம். ஊரெல்லாம் தன்னை ‘ஸ்டிக்கர் சார்’ என்று கேலி செய்வதும் அவருக்குத் தெரியும். செய்துவிட்டுப் போகட்டும்.

“உங்களுக்கு அழகு பெரிசா, உயிர் பெரிசா? சோலாரை நிறுத்தச் சொல்லி எழுதிடவா?”

வீட்டுக்காரர் உள்ளறையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“கொஞ்சம் மெதுவா பேசுங்க சார். உள்ள என் தங்கச்சி இருக்கா. மாப்பிள்ளை லைன்மேன். கம்பத்துல வேலை பார்க்கும்போது ஷாக் அடிச்சு... மூணு மாசம் ஆச்சு. நாங்க சோலார் போட்டது அதுக்கு முன்னாடி. இந்த மண்டையோட்டை தினமும் அவ கண்ணுல காட்டணுமா? அதான், கைக்குக் கிடைச்சதை மாட்டிட்டேன்.”

ஆய்வாளருக்கு என்னவோ போலாகிவிட்டது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு ஸ்டிக்கருக்குக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர், மூடிய ஃபைலை மெல்லத் திறந்தார்.

“காலண்டர் இருக்கட்டும். நான் எதையும் பார்க்கல,” என்று பேனாவை எடுத்தார்.

“கையெழுத்துப் போடாதீங்க சார்.”

தங்கச்சி வாசலுக்கு வந்திருந்தாள். நேராகப் போய்க் காலண்டரைக் கழற்றினாள்.

“வேண்டாம்மா...” என்றார் அண்ணன்.

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஸ்டிக்கர் மேல் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

“அவர் லைனை அணைச்சுட்டுத்தாண்ணே ஏறினார். ஏதோ ஒரு வீட்டுச் சோலார்லேர்ந்து கரண்ட் திரும்பி வந்துடுச்சு. அந்த வீட்டுல இப்படி ஒண்ணு ஒட்டியிருந்தா, அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்திருப்பார்.”

காலண்டரைச் சுருட்டி அண்ணன் கையில் கொடுத்தாள்.

“எனக்காக இதை மறைக்காதண்ணே. நம்ம தெருக் கம்பத்துல ஏற வர்றவருக்கும் வீட்டுல ஒருத்தி வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பா.”