கன்னத்தில் கை

கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பெண் உள்ளே வந்தபோது, பல் டாக்டரின் வெளியறையில் எல்லோரும் பாதித் தூக்கத்தில் இருந்தார்கள்.

வெளியே தூறல். ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிவதைப் பார்த்தாலே கண் சொக்கியது. உள்ளறையில் மெஷின் வண்டு மாதிரி ரீங்கரித்தது. மூலையில் மீன்தொட்டி. அதில் ஒரு தங்கமீன், எதையோ சொல்ல வந்து மறந்துபோனதுபோல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

வந்த பெண்ணின் ஒரு கை தன் கன்னத்தில் இருந்தது. இன்னொரு கையில் ஒரு சிறுமி. மடித்த கைக்குட்டையைச் சிறுமி கடித்துக்கொண்டிருந்தாள். கைக்குட்டையில் ரத்தம், கண்ணில் பொலபொலவென்று கண்ணீர்.

"யாருக்குப் பாக்கணும்?" என்றாள் வரவேற்பில் இருந்தவள். வேலைக்குப் புதுசு. டோக்கன் கிழித்துக் கொடுக்கும் சந்தோஷம் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

வந்தவள் வாயைத் திறக்கவில்லை. சிறுமியைக் காட்டினாள். தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். பிறகு உள்ளறைக் கதவைக் காட்டினாள்.

"உங்களுக்கும் பல்வலியா? அப்ப ரெண்டு டோக்கன்."

அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள். மறுபடியும் கன்னம். மறுபடியும் கதவு.

"முன்னாடி மூணு பேர் இருக்காங்க. உக்காருங்க, கூப்பிடறேன்."

அவள் உட்காரவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிறுமி அவள் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினாள்.

பச்சைக் குடையோடு உட்கார்ந்திருந்த அம்மாளுக்குத் தூக்கம் கலைந்தது. பக்கத்தில் இருந்தவர் பக்கம் சாய்ந்தார். அவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தவர். அடுத்த முறை அவருடையது.

"எங்க கட்டடம்தான் சார். மூணாவது மாடி. சைக்கிள்ல இருந்து விழுந்திருக்கும். எந்நேரமும் அதுலதான் சுத்தும்."

"முன்பல்லே போயிடுச்சு போலிருக்கே" என்றார் கடைவாய்க்காரர்.

"போனா முளைச்சிட்டுப் போகுது."

"எப்படிம்மா முளைக்கும்? பொண்ணுக்கு எட்டு ஒம்பது வயசு இருக்கும். பால்பல்லு விழுந்து முளைச்ச பல்லு அது. போனா ஆயுசுக்கும் போனதுதான்."

பச்சைக் குடை அம்மாள் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினாலும் அறை முழுக்கக் கேட்டது.

"பெத்தவ இருந்தா பதறியிருப்பா. இது சித்தி. வந்து ஒரு வருஷம்கூட ஆகலை."

அந்தப் பெண்ணின் தோள் லேசாக அசைந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"பிள்ளை இந்த அழுகை அழுது. வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேக்கறாளா பாருங்க. வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கா?"

"அவங்களுக்கும் வலி போலம்மா."

"அதைத்தான் சொல்றேன். பிள்ளை ரத்தத்தோட நிக்குது, இவ தன் கன்னத்தைக் காட்டிக்கிட்டு நிக்கிறா. முதல்ல தனக்குப் பாக்கணுமாம்."

ரீங்காரம் நின்றது. உள்ளே இருந்தவர் வாயைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். வரவேற்புப் பெண், "அடுத்து..." என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான். சித்தி சிறுமியை இழுத்துக்கொண்டு, கடைவாய்க்காரரைத் தாண்டி, விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

"ஏங்க, நாங்க எல்லாம் வேடிக்கை பாக்கவா வந்திருக்கோம்?" என்றார் கடைவாய்க்காரர். பிடுங்குவது கொஞ்சம் தள்ளிப்போனதில் அவருக்கு உள்ளூர நிம்மதி. இருந்தாலும் கேட்டு வைத்தார்.

"கேட்டா பதில் சொல்வாளா? மரியாதைன்னா என்னன்னு தெரிஞ்சாத்தானே" என்றார் பச்சைக் குடை அம்மாள். உள்ளே நடப்பது தெரியும்படி நாற்காலியையும் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

கதவு திறந்தபடியே கிடந்தது. டாக்டர் சிறுமியை நாற்காலியில் ஏற்றி, கைக்குட்டையை மெல்ல எடுத்துவிட்டு விளக்கைத் தாழ்த்தினார்.

"வேரோட வந்துடுச்சே. விழுந்த பல்லு எங்கம்மா? எடுத்துட்டு வந்தீங்களா?"

"எங்க எடுத்துட்டு வந்திருக்கப் போறா?" என்றார் பச்சைக் குடை அம்மாள், வெளியே இருந்தபடி.

சித்தி குனிந்தாள். அன்றைக்கு அங்கே வந்ததிலிருந்து முதல்முறையாக வாயைத் திறந்தாள். இரண்டு விரலைக் கன்னத்துக்குள் விட்டு, வேரில் கை படாமல் பிடித்து, சின்னதாக வெள்ளையாக ஒரு பல்லை வெளியே எடுத்தாள்.

டாக்டர் அதை வாங்கி விளக்கில் பார்த்தார்.

"போன தடவை சொத்தை அடைக்க வந்தப்ப நான் சொன்னதை ஞாபகம் வச்சிருக்கீங்க. விழுந்த பல்லைப் பால்ல போடணும், பால் இல்லைன்னா கன்னத்துல அடக்கிக்கணும், காய விடக்கூடாதுன்னு. இவ வாயில வச்சிருந்தா அழற அழுகைக்கு முழுங்கியே இருப்பா. சீக்கிரம் வந்துட்டீங்க. திரும்ப வச்சுடலாம், பிடிச்சுக்கும்னு நம்பறேன்."

வெளியறையில் பச்சைக் குடை அம்மாள் குடையின் கொக்கியைத் திறந்து திறந்து மாட்டிக்கொண்டிருந்தார்.

சித்தி உதட்டைப் புறங்கையால் துடைத்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டுச் சிறுமியின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"ரொம்ப வலிக்குதாடா கண்ணு? நீ விழுந்ததுல இருந்து இதைக் கேக்கணும்னுதான் தவிச்சுக்கிட்டே வர்றேன்."