எஞ்சின் சூடு

பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்த பழைய கார் வியாபாரி, ஒன்பது மணிக்கே வாசலில் வந்து நின்றார்.

இருபத்தைந்து வருடப் பழக்கம் அது. சொன்ன நேரத்துக்குப் போனால் விற்பவர் காட்டுவதைத்தான் பார்க்க முடியும். முன்னாலேயே போய் நின்றால் மறைப்பதையும் பார்த்துவிடலாம்.

"வாங்க சார்" என்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள் அந்த வீட்டுப் பெண். அவர் காதில் வாங்கவில்லை. நேராக ஷெட்டுக்குள் போய், சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார்.

சுட்டது.

"காலையில ஓட்டினீங்களா?"

"இல்லை சார். பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி மட்டும் வெச்சேன்."

"எதுக்கு?"

அவள் தயங்கினாள். "அவர்தான் கேட்டார். இன்னைக்கு வண்டி போயிடும்ல, கடைசியா ஒரு தடவை சத்தத்தைக் கேட்டுக்கறேன்னார்."

ஷெட்டை ஒட்டிய ஜன்னல் வழியே ஒரு கட்டில் தெரிந்தது. அதில் அவள் கணவர். மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பில் அடி, ஒரு வருடமாகப் படுக்கை. அடுத்த மாதம் ஆபரேஷன், அதற்காகத்தான் வண்டியை விற்கிறோம் என்று போனிலேயே சொல்லியிருந்தாள்.

வியாபாரி பெருமூச்சு விட்டார். இந்தத் தொழிலில் அவர் கேட்காத கதையா?

"இதோ பாரும்மா, குறை இருந்தா இருக்குன்னு சொல்லிடணும். சூடாக்கி வெச்சுட்டா எந்த ஓட்டை எஞ்சினும் ஒழுங்காக் கிளம்பிடும். மூணு மாசம் முன்னாடி இப்படித்தான் ஒருத்தன் ஒரு மஞ்சள் வண்டியை என் தலையில கட்டிட்டான். மறுநாள் காலையில சாவியைத் திருப்பினா இருமுது, செருமுது, கிளம்ப மாட்டேங்குது. இன்னி வரைக்கும் என் இடத்துல குத்துக்கல்லாட்டம் நிக்குது. அவனுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா, சொல்லுங்க?"

"எங்க வண்டி அப்படி இல்லை சார்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க. பேசின விலையில பத்துல ஒரு பங்கு குறைச்சுக்குங்க, இப்பவே எடுத்துட்டுப் போறேன்."

அவள் முகம் வாடிவிட்டது. "குறைச்சா ஆபரேஷனுக்குப் பத்தாது சார். வேணும்னா ஆற வெச்சு நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."

"நாலு மணி நேரமாவது ஆகுமே?"

"இருங்க சார். நான் லீவுதான் போட்டிருக்கேன்."

அவருக்கும் போய்க் கிழிக்க ஒன்றும் இல்லை. கடையில் ஈ ஓட்டுவதை இங்கேயே உட்கார்ந்து ஓட்டலாம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். காபி வந்தது.

"வியாபாரமெல்லாம் எப்படி சார்?" ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கணவரின் குரல்.

"என்னத்தைச் சொல்ல! முன்னெல்லாம் இந்த மாதிரி வண்டி உறுமிக்கிட்டு வந்தா தெருவே திரும்பிப் பார்க்கும். இப்போ ஜன்னலைச் சாத்தறாங்க. எல்லாரும் சத்தமில்லாத மின்சார வண்டிக்குப் போயிட்டாங்க. சத்தம் போடறதுக்கு மவுசே இல்லை."

"நானும் ஒரு வருஷமா சத்தமில்லாமத்தான் ஓடிட்டிருக்கேன்" என்றார் கணவர்.

சிரிப்பதா வேண்டாமா என்று வியாபாரிக்குத் தெரியவில்லை. காபியைக் குடித்தார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவள் உள்ளே போய்க் கணவரைப் புரட்டிப் படுக்க வைத்தாள். வலியில் அவர் பல்லைக் கடிக்கும் சத்தம் வெளியே கேட்டது. வியாபாரி நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மதியம் ஒரு மணி தாண்டியதும் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

ஒரே திருப்பு. வண்டி சிங்கம் மாதிரி கர்ஜித்தது.

நிலைப்படியில் நின்றிருந்த அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜன்னலுக்குள்ளிருந்து, "நல்லதாப் போச்சு, இன்னொரு தடவையும் கேட்டாச்சு!" என்று சிரிப்பு வந்தது.

வியாபாரிக்கு வெட்கமாக இருந்தது. கீழே இறங்கி வந்து கைகூப்பினார்.

"மன்னிச்சுக்கம்மா. பேசின விலையை அப்படியே தர்றேன். ஒரு பைசா குறைக்க மாட்டேன். ஏமாந்து ஏமாந்து, யாரையும் நம்பத் தோண மாட்டேங்குது."

"பரவாயில்லை சார். உங்க மேலயும் தப்பில்லை."

பணம் கைமாறியது. கையெழுத்தும் ஆனது. சிவப்பு வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்தபோது வியாபாரிக்கு மனசு லேசாகிவிட்டது. இந்தக் காலத்திலும் நாணயமான மனிதர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

தெருமுனையில் போன் அடித்தது. அவருடைய மெக்கானிக்.

"அண்ணே, அந்த மஞ்சள் வண்டியைப் பார்க்க ஒரு புருஷன் பொண்டாட்டி நாளைக்குப் பத்து மணிக்கு வர்றாங்களாம்."

"அப்படியா! நல்லதாப் போச்சு. ஒன்பதரைக்கே எப்படியாவது ஸ்டார்ட் பண்ணி, நல்லாச் சூடாக்கி வெச்சிடு."

"ஸ்டார்ட் பண்ணிடலாம்ணே. ஆனா உங்களை மாதிரி முன்னாடியே வந்து பானெட்டைத் தொட்டுப் பார்த்தாங்கன்னா?"

"சேச்சே, வர மாட்டாங்கப்பா" என்றார் வியாபாரி. "எல்லாரும் என்னை மாதிரியா இருப்பாங்க? பாவம், நம்பித்தான் வருவாங்க."