மின்னிக்குக் கடிவாளம் இல்லை

எஸ்தருக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. அதனால் அவள் குதிரை மின்னிக்குக் கடிவாளமும் இல்லை. கம்பெனி அவள் தலையிலும் அதன் தலையிலும் பொருத்திய சில்லு வழியாக, அவள் நினைத்தால் நடக்கும்; நினைத்தால் நிற்கும்.

நேற்று அது அண்ணனைக் கடிக்கப் பாய்ந்தது. காலையில் கம்பெனி ஆள் வந்து சோதித்தான். "கோளாறு எதுவும் இல்லக்கா. உங்க மனசுல இருக்கிறதைத்தான் செய்யுது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இப்போது அண்ணன் ஜெபராஜ் அவளைச் சேணத்தில் உட்காரவைத்து, வாரை இறுக்கிக்கொண்டே பேசினான்.

"இன்னிக்குத்தான் கடைசி சவாரி எஸ்தரு. குதிரையை வித்தாச்சு. நாளைக்கு உன்னை ஹோம்ல சேர்த்துடறேன். எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

"சரிண்ணே" என்று சிரித்தாள்.

அடுத்த வாரை மாட்ட அவன் வால்பக்கமாகச் சுற்றிப் போனான். மின்னியின் காதுகள் பின்னால் படிந்தன.

"தள்ளிப் போண்ணே!" என்று அலறினாள்.

அவள் வாய்ச்சொல்லைக் கேட்டு மின்னிக்குப் பழக்கமில்லை.