பிறந்த வீட்டுக் கோடி

பிரேமாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியாகிவிட்டது. பிறந்த வீட்டுக் கோடி மட்டும் இன்னும் வரவில்லை.

பால்பாண்டி வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டிருந்தான். அந்த மலையாளத்து ஊரில், ஸ்ரீவராகம் கோயிலின் பின்பக்கம் அவர்கள் குடியிருந்த சந்துக்குள் ஆட்டோகூட வராது. வள்ளியூரிலிருந்து வரும் மச்சான் மகாராஜா வழி தெரியாமல் எங்காவது நின்றுவிடக்கூடாதே.

வழி எப்படித் தெரியும்? இந்த வீட்டு வாசலை அவர் மிதித்ததே இல்லை. சாலை பஜார் பாத்திரக்கடையில் சம்பளத்துக்கு நிற்பவனை நம்பித் தங்கச்சி வீட்டைவிட்டுப் போன அன்றைக்கே, இனி அவளுக்குக் கோடி போடத்தான் வருவேன் என்று ஊரறியச் சொன்னவர். சொன்ன சொல்லில் நின்றார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பிரேமா தன் போனிலிருந்து அவரைக் கூப்பிடுவாள். மணி முழுதாக அடித்து ஓயும். எடுக்கமாட்டார்.

அப்படியும் ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் கேட்டது அதைத்தான். அண்ணன் சேலை மேலே விழாமல் என்னை எடுத்துவிடாதே என்றாள்.

அதனால் விடிந்ததும் பால்பாண்டி வெட்கத்தை விட்டு, ஊர்ப் பலசரக்குக் கடைக்குப் போன் செய்து செய்தியைச் சொன்னான். தன் நம்பரையும் கொடுத்து மகாராஜாவிடம் சேர்க்கச் சொன்னான். அவரிடம் நேரே பேச வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டபோது, கோடி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார் என்றார் கடைக்காரர். அழுகைக்கு நடுவிலும் அவனுக்கு நெஞ்சு நிறைந்தது.

காலை பதினொரு மணி வாக்கில் மச்சான் நம்பரிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. சட்டைப் பையிலிருந்து எடுப்பதற்குள் நின்றுவிட்டது. இவன் திரும்பக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். கட் பண்ணினார்.

துக்க வீட்டுக்கு மிஸ்டு கால் கொடுக்கிற மனுஷனை என்னவென்று சொல்ல?

அவரைச் சொல்லியும் குற்றமில்லை, அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். முதலாளி கூப்பிட்டார், உடனே வைத்துவிட்டார். வீட்டு உரிமையாளர் ஹரிகுமாரும் கூப்பிட்டு வைத்துவிட்டார். பிறகு நேரில் வந்து, மாலையைப் போட்டுவிட்டு, இவன் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே போனார். சாவு விழுந்த வீட்டோடு பேச யாருக்கும் நாக்கு எழவில்லை போலிருக்கிறது என்று பால்பாண்டி தன்னைத் தேற்றிக்கொண்டான்.

தைக்காட்டு மயானத்தில் மூன்று மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். தவறினால் நாளைக்குத்தான். எடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் இன்னும் ஐந்து நிமிஷம் என்றான். பிறகும் இன்னும் ஐந்து நிமிஷம் என்றான்.

எதிர்வீட்டுக் கோமதியம்மாள் எழுந்து போய், மடிப்புக் கலையாத புதுச்சேலை ஒன்றோடு திரும்பி வந்தாள்.

“நானும் அவளுக்கு அக்கா மாதிரிதாம்ப்பா. இதப் போட்டு அனுப்புவோம்.”

ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அவள் போட்ட சேலையில் பிரேமா போனாள். மச்சான்மேல் வந்த ஆத்திரத்தில் பால்பாண்டியால் ஒழுங்காக அழக்கூட முடியவில்லை. செத்தவளிடமுமா வீம்பு? மகராசன் நன்றாக இருக்கட்டும்.

எல்லாம் முடிந்து வந்து தலைமுழுகினான். வந்தவர்கள் போய்விட்டார்கள். போனைத் தேடினால் காணவில்லை. அலமாரியில் கிடந்த பிரேமாவின் போனை எடுத்துத் தன் நம்பருக்கு அடித்தான்.

மூலையில் சுருட்டி வைத்த பாய்க்குள் அவன் போன் மணி அடித்தது. எப்போதும் அடிக்கிற அதே மணிதான்.

காதில்தான் வேறு கேட்டது. நாதஸ்வரம், கெட்டிமேளம், பெண்கள் குலவையிட்டு மாப்பிள்ளையைக் கேலி செய்யும் துள்ளலான பாட்டு. நடுவில் ஒரு பெண் குழைவான மலையாளத்தில் பேசினாள். இந்தப் பாட்டு வாடிக்கையாளருக்குப் போன் கம்பெனியின் ஓணப் பரிசு, முற்றிலும் இலவசம், உங்களுக்கும் வேண்டுமென்றால் நட்சத்திரக் குறியை அழுத்துங்கள் என்றாள்.

இவன் எதையும் கேட்கவில்லை, எதையும் அழுத்தவில்லை. நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போது இங்கிலீஷில் ஏதோ மெசேஜ் வந்தது. கம்பெனிக்காரன் அனுப்புவதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? தமிழ் ஆள் என்று தெரிந்து தமிழ்ப் பாட்டாகவே போட்டிருந்தார்கள், அந்த அளவுக்கு அக்கறை. கூப்பிட்டவர்கள் அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். போனை வைத்திருந்தவனுக்கு மட்டும் கேட்கவில்லை.

பெண்டாட்டி பிணமாகக் கிடக்கும்போது கல்யாணப் பாட்டு. மச்சான் காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும், நான் வைக்கவில்லை என்று. கையிலிருந்த பிரேமாவின் போனிலிருந்தே அவரைக் கூப்பிட்டான்.

முதல் மணியிலேயே எடுத்தார். இவனை ஹலோ சொல்ல விடவில்லை.

“ஏட்டி பிரேமா, அண்ணன வரவைக்க ஒனக்கு வேற பொய்யே கெடைக்கலியா? கெழக்கே கோட்டையில எறங்கி வழி கேக்க ஒம் மாப்பிளைக்குப் போன் போட்டா, கல்யாணப் பாட்டு கேக்கு. எழவு வீட்டுல எவனாவது அதப் போடுவானா? அப்பத்தாம்ட்டி எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. திரும்பி வாரப்ப அந்தக் கோடிய நெய்யாத்துப் பாலத்துல வீசி எறிஞ்சிட்டேன். பொய்யாச் சாவுச் சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாவ, நீ நல்லா இருப்ப. அண்ணனுக்குக் கோவமெல்லாம் போயிட்டுட்டி. ஒரு வார்த்த பேசு.”

சொல்லிவிட்டு அவர் காத்திருந்தார்.