வண்டு பொய் சொல்லாது

காட்டையே விழுங்கிய களையான உண்ணிச்செடியை மலையிலிருந்து ஒழித்தாயிற்று. இப்போது வண்டுப் பெட்டியோடு தெருத்தெருவாகப் போய், அதை ஒளித்து வளர்ப்பவர்களுக்கு நோட்டீஸ் கொடுப்பது என் உத்தியோகம்.

இன்று எங்கள் தெரு. “இந்த வண்டு உண்ணிச்செடியத் தவிர வேற எதையும் தொடாதுங்க. வண்டு பொய் சொல்லாது” என்று கூட்டத்துக்குப் பிரசங்கம் செய்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். அத்தனை வண்டும் நேராக என் வீட்டு மாடித் தொட்டிக்குப் பறந்தன.

அது, கல்யாண நாளுக்கு மனைவி கோகிலவாணிக்கு நான் பரிசளித்த ‘பிரேசில் பூச்செடி’. மலையில் டியூட்டி பார்த்தபோது பிடுங்கி வந்தது. அவள் உண்ணிச்செடியைப் பார்த்ததே இல்லை என்ற தைரியம்தான்.

நோட்டீஸில் என் பெயரை நானே எழுதினேன். தெரு கைதட்டியது.

கோகிலவாணி இறங்கி வந்தாள். போன வருடம் நான் வாங்கித் தந்த வைர மூக்குத்தியைக் கழற்றி நீட்டினாள்.

“இத எந்த வண்டுகிட்டங்க காட்டறது?”