மேட்டுக்கு அந்தப் பக்கம்

முன்பக்க மூடியைக் கழற்ற ஸ்பானர்கூடத் தேவைப்படவில்லை. மூன்று கொக்கிகள். விரலால் திருப்பியதும் விட்டுக்கொடுத்தன.

இந்த நாலு சக்கர பைக்தான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினான் தம்பி. பராமரிப்பு சுலபம், பச்சைப் பிள்ளைகூடப் பிரித்து மாட்டலாம் என்று வருவோர் போவோருக்கெல்லாம் திறந்து காட்டினான். வீட்டுக்குக் கீழேயே அக்காவின் ஒர்க்‌ஷாப். பந்தயத்தில் ஓட்டுவது அவன் வேலை, வண்டியைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

இப்போது அதன் பின்பக்கம் நசுங்கிக் கிடந்தது. முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

விபத்தை விசாரிக்க வந்த பந்தய அதிகாரி பின்சக்கரத்தருகே குந்தியிருந்தார். பின்னால் வந்த வண்டி தம்பிமேல் விழுந்துவிட்டது என்பது மட்டும்தான் வீட்டில் தெரியும். எப்படி என்பதை அவர்தான் இன்று அவளிடம் சொன்னார்.

“என்ஜின் சூடாயிருக்கும்மா. மீட்டர்ல சிவப்பு லைட்டு எரிஞ்சதும் உங்க தம்பி மேட்டத் தாண்டி ஓரமா நிறுத்திட்டாரு. பின்னாடி தாவி வந்தவனுக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி நிக்கிறது எப்படித் தெரியும்? பந்தயத்துல லைட்டப் பாத்து நிறுத்துற ஆள நான் இதுவரைக்கும் பாத்ததில்ல.”

அவளும் பார்த்ததில்லை. என்ஜின் வெந்து புகைந்தாலும் இன்னும் ஒரு சுற்று முறுக்கிப் பார்க்கிற ரகம் அவன்.

ரேடியேட்டரில் கசிவு இல்லை. குழாய்கள் சரியாக இருந்தன. அதன் பின்னால் கையை விட்டாள். ஃபேனுக்குப் போகும் வயர் தனியாகத் தொங்கியது.

அறுந்திருக்கவில்லை. பிளக்கின் நாக்கை அமுக்கி, பதமாகக் கழற்றியிருந்தது. முனைக்குள் தூசி போகாதபடி ஒரு பிளாஸ்டிக் உறை. உறையின் வாயை முறுக்கி, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றாகப் போட்டிருந்தது.

வஞ்சம் வைத்தவன் என்றால் வயரை வெட்டிவிட்டுப் போயிருப்பான். இப்படிப் பொத்திப் பொத்தி மூடியிருக்க மாட்டான், வீட்டுச் சமையலறையில் சர்க்கரைப் பொட்டலத்துக்கு எறும்பு வராமல் கட்டுவதுபோல.

அவள் கை அப்படியே நின்றது.

என்ஜினில் சூடு ஏறினால்தான் அதைத் தணிக்க அந்த ஃபேன் சுற்றும். அதனால் கிளம்பும்போது யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. சேற்றில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போதுதான் கொதித்திருக்கும்.

அதிகாரி எழுந்து வருவதற்குள் உறையையும் ரப்பர் பேண்டையும் உருவிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

அவர் குனிந்தார். தொங்கிய வயரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“கடைசியா இதத் திறந்தது யாரு?”

“நான்தான் சார். மாட்ட மறந்துட்டேன்.”

“இனிமே நீங்க கை வச்ச எந்த வண்டியும் டிராக்குக்குள்ள வராதும்மா.”

அவர் குரலில் கோபம்கூட இல்லை. அவள் தலையாட்டினாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தொழில் அது.

மாடியிலிருந்து அம்மா டீ கொண்டுவந்தாள். தம்பியைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்லாகிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். டம்ளரை நீட்டியவள் திரும்பிப் போகாமல் நின்றாள்.

“ஏன் சார், லைட்டு எரிஞ்சதும் நிறுத்திட்டானா?”

லைட்டு எரிந்ததைப் பற்றி அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

போன பந்தயத்தில் தோள்பட்டை முறிந்து வந்தவன், கட்டுப்பிரித்த அன்றே இனிப் பந்தயமே வேண்டாம் என்ற அம்மாவை இந்த வண்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சமாதானம் சொன்னான். இந்த வயரை மாட்டினால்தான் ஃபேன் சுற்றும், சுற்றாவிட்டால் இந்தச் சிவப்பு லைட்டு எரியும், எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன், உன்மேல் சத்தியம் என்றான். அக்கா அப்போது பக்கத்தில் வேறொரு வண்டிக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி வாயைத் திறந்தார்.

“இல்லம்மா” என்று அக்கா முந்திக்கொண்டாள். “நிறுத்தல. ஓட்டிக்கிட்டேதான் இருந்தான்.”

அதிகாரி அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு டம்ளருக்குள் பார்த்தபடி டீயைக் குடித்தார்.

“நிறுத்த மாட்டான்” என்றாள் அம்மா. “நான் சொன்னத என்னைக்குக் கேட்டான் அவன்?”

கழற்றிப் போட்டிருந்த டயரின் மேல் உட்கார்ந்து, சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளையைத் திட்டித் திட்டி அழ ஆரம்பித்தாள்.